மூக்கால் பிழைப்பவர்

கோட்டின் கக்கத்தில் மூக்கை நுழைத்து ஒருமுறை ஆழமாக இழுத்த பிறகுதான் ஜேசுராஜ் ரசீதில் பேனாவை வைப்பார். அதுவரை வாடிக்கையாளர் கவுண்டருக்கு அந்தப் பக்கம் கூச்சத்தோடு நின்றுகொண்டிருக்க வேண்டும். தன் வியர்வையை இன்னொருவர் முகர்வதைப் பார்ப்பது யாருக்கும் சுகமான காரியமில்லை. ஜேசுராஜ் அதற்கெல்லாம் அசைகிறவர் அல்ல. கண்ணை மூடி, தலையைச் சாய்த்து, "கல்யாண வீட்டுல பக்கத்து மேஜைக்காரன் தம் அடிச்சானா?" என்று இந்தியில் கேட்பார். கராடியிலிருந்து காரில் வந்த கம்ப்யூட்டர்க்காரர் அசந்துபோவார். புனேயின் கேம்ப் பகுதியில் அந்த டிரைகிளீனிங் கடையின் பெயர்ப் பலகை மழையில் கரைந்து வெகுகாலமாகிறது. 'நாக்வாலே அங்கிள்' என்றால் போதும், மூக்குக்கார மாமாவின் கடை வாசலில் ஆட்டோ நின்றுவிடும்.

பட்டாள மருத்துவமனை வேலைக்காக வேலூரிலிருந்து வந்த தாத்தா இங்கேயே தங்கிவிட்டார். பேரன் ஜேசுராஜுக்கு இப்போது வயது நாற்பத்தாறு. கழுத்துப் பொத்தான்வரை போட்ட சட்டை, கத்தி போல மடிப்பு, பாக்கெட்டில் ஏலக்காய். பேசுவது தமிழ்தான், நடுநடுவே இந்தி வந்து உட்கார்ந்துகொள்ளும். "டென்ஷன் நை லேனா, கறை போயிடும், பஸ்" என்பது, அதாவது கவலை வேண்டாம், அவ்வளவுதான் என்பது, அவருடைய கேரண்டி கார்டு.

அந்த மூக்கைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அது செத்துப் பல வருடமாகிறது. கறை எடுக்கும் மருந்து பாதி, சிகரெட் பாதி என்று பங்கு போட்டுத் தின்றுவிட்டன. ஒரு கிறிஸ்துமஸ் சமயம், மனைவி மேவிஸ் அடுப்பில் வைத்துவிட்டுப் போன கேக் கரியாகிக்கொண்டிருக்க, இவர் அடுத்த அறையில் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். மாடிப்படியிலிருந்தே புகை நாற்றம் பிடித்து ஓடிவந்த மேவிஸ் கேட்டபோது, கண் அயர்ந்துவிட்டேன் என்று சமாளித்தார். அன்றைக்குத்தான் அவருக்கே தெரிந்தது. வெளியில் சொன்னால் கடையில் மதிப்பு என்னாவது? இப்போது கண்ணால் பிழைக்கிறார். கையோரத்துப் பொசுங்கல், காலரில் மஞ்சள், பாக்கெட் மூலையில் பாக்குத் தூள். எல்லாவற்றையும் கண் பார்த்துவிடும். பிறகு மூக்கை வைப்பது வெறும் சடங்கு.

வீட்டில் சிகரெட்டுக்கும் ஒரு சடங்கு உண்டு. கோர்ப்படி பகுதியில் இரண்டாம் மாடி ஃபிளாட். பிள்ளை எதிரில் ஒரு நாளும் பற்றவைத்ததில்லை என்பதில் அவருக்குப் பெருமையே உண்டு. குளியலறைக்குள் போவார். தாழ் போடுவார். ஈரத் துண்டைச் சுருட்டிக் கதவடியில் திணிப்பார். எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டுவிட்டு அதன் முகத்திலேயே ஊதுவார். பிறகு முகம் கழுவி, சட்டை மாற்றி, ஏலக்காயைக் கடித்துக்கொண்டு புதுமாப்பிள்ளையாக வெளியே வருவார். "டிரைகிளீனிங்காரன் வீடுங்க. ஒரு துளி வாசனை இருக்காது" என்று டீக்கடையில் சொல்லிக்கொள்வார். மெய்யாகவே நம்பித்தான் சொல்லுவார், பாவம்.

அந்த ஃபேன் கட்டடத்தின் நடுவே கிணறு போல இறங்கும் சந்துக்குள் புகையைத் தள்ளும். மகள் அலினாவின் அறை ஜன்னல் திறப்பதும் அதே சந்துக்குள்தான். மழைக்காலத்தில் புகை மேலே போகாது. சோம்பலாக நின்று, யோசித்து, பிள்ளையின் அறைக்குள் வந்து படுத்துக்கொள்ளும்.

அலினா ஐந்தாம் வகுப்பு. முன்பெல்லாம் வாய் ஓயாத பெண். இப்போது கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டுகிறாள். விரல் நுனியில் தோலை உரித்து உரித்துச் சிவப்பாக்கி வைத்திருக்கிறாள். தோழிகளை வீட்டுக்குக் கூட்டிவருவது நின்றுபோயிற்று. குளியலறையில் வெந்நீர் கெய்சருக்குப் பின்னால் அப்பா ஒளித்துவைத்த சிகரெட் பெட்டியை ஒருநாள் பார்த்துவிட்டாள், அதன்மேல் அச்சடித்திருக்கும் அந்த அழுகிய வாய்ப் படத்தோடு. அன்றிலிருந்து விடிகாலையில் அவர் குளியலறைக்குள் போனால் இவளும் எழுந்து வெளியே கதவோரம் நிற்கிறாள். உள்ளே அப்பா இருமினால், இருக்கிறார் என்று அர்த்தம். இருமல் நின்றால் கதவில் காதை ஒட்டவைத்துக்கொள்வாள். மேவிஸ் இதைப் பார்த்தபிறகும் அவரிடம் சொல்லக் கொஞ்சநாள் துணிவில்லாமல் இருந்தாள்.

பள்ளியில் கவுன்சிலர் ரோஹிணி இருவரையும் கூப்பிட்டனுப்பினார். அலினா தனக்கென்று ஒரு மூலை பெஞ்சைப் பிடித்துக்கொண்டிருப்பதையும், சிகரெட் நாற்றம், பக்கத்தில் உட்கார மாட்டோம் என்று மற்ற பெண்கள் மூக்கைப் பொத்திக்கொள்வதையும் பதமாகத்தான் சொன்னார். வீட்டுப் புகையில் வளரும் குழந்தைகளிடம் பயமும் மனச்சோர்வும் கூடுதலாகக் காண்கிறோம், அது ஒன்றுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை, ஆனால் முதலில் அதை நிறுத்திப் பாருங்கள் என்றார். ஜேசுராஜ் துண்டு, ஃபேன், ஏலக்காய் எல்லாவற்றையும் வரிசையாக எடுத்துச்சொன்னார். ரோஹிணி பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஜேசுராஜின் நாற்காலிக்குப் பின்னாலிருந்த ஜன்னலை எழுந்துபோய்த் திறந்தார். வெளியே சாரல் அடித்துக்கொண்டிருந்தது.

ஜேசுராஜ் அன்றைக்கே சிகரெட்டை விட்டுவிட்டார். கெய்சருக்குப் பின்னாலிருந்த பெட்டியை மேவிஸ் முன்னாலேயே குப்பையில் போட்டார். பிறகு வீடு நரகமாயிற்று. சாம்பாரில் உப்புக்கு ஒரு கத்தல், செருப்பு கோணலாக இருந்ததற்கு ஒரு கத்தல். அலினா பென்சிலைக் கீழே போட்டதற்கு அவர் போட்ட சத்தத்தில் அவள் மேஜைக்கடியில் போய் உட்கார்ந்துவிட்டாள். அவளை வெளியே இழுக்க முடியாமல் தரையில் சரிந்து உட்கார்ந்த மேவிஸ்தான், அழுதுகொண்டே, வேறு வழி தெரியாமல் சொன்னாள்.

"போங்க. ஒண்ணு பிடிச்சிட்டே வாங்க. எங்களால முடியல."

மேஜைக்கடியிலிருந்து பிள்ளை இதைக் கேட்டது. அவர் செருப்பை மாட்டிக்கொண்டு கீழே போனதையும் கேட்டது. திரும்பி வரும்போது சமோசா வாங்கிவந்தார். யாரும் தொடவில்லை. மறுநாள் காலை பழைய துண்டு பழைய இடத்துக்கு வந்துவிட்டது.

கடையிலிருந்து அவர் வீட்டுக்குக் கொண்டுவந்துவைத்த பிளாஸ்டிக் உறைகள் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துவந்தன. சேர்வானிகளையும் பட்டுப் புடவைகளையும் போட்டுக் கொடுக்கும் நீளமான உறைகள். அவை போன இடம் இந்தத் திங்கட்கிழமை காலையில்தான் தெரிந்தது. ஏலக்காயை மென்றுகொண்டு அவர் குளியலறையிலிருந்து வர, எதிரே அலினா நின்றிருந்தாள். கையில் ஓர் உறை, உள்ளே புகை படாமல் அவளுடைய யூனிஃபார்ம், உறையின் வாய் இறுக்கி முடிந்திருந்தது. முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தாள்.

"டாடி, நீங்க ஸ்மெல் பண்ணா கரெக்டா சொல்லுவீங்கல்ல. இதுல வருதா? சச்சி, நிஜமா சொல்லுங்க."

ஜேசுராஜ் வாங்கினார். கக்கத்தில் மூக்கை வைத்து இழுத்தார். மறுபடி இழுத்தார். மூக்கு, வாய், நெஞ்சு எல்லாவற்றாலும் இழுத்தார். ஒன்றுமில்லை. கண்ணுக்கும் ஒன்றும் அகப்படவில்லை. வெள்ளைச் சட்டை, நீலப் பாவாடை, ஒரு பொட்டுக் கறை கிடையாது. பிள்ளை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றது.

"ஒண்ணும் வரல பாப்பா. ஃபிரெஷ்ஷா இருக்கு, பஸ்."

அலினா கிட்டே வந்தாள். அவள் அப்படி வந்து எத்தனையோ நாளாயிற்று. குதிகால் தூக்கி எக்கி, அவருடைய காலருக்குள் மூக்கை நுழைத்து, கண்ணை மூடி, தலையைச் சாய்த்து ஒருமுறை ஆழமாக இழுத்தாள். பிறகு அவர் கையிலிருந்து யூனிஃபார்மை வாங்கி உறைக்குள் வைத்து, உள்ளே இருந்த காற்றையெல்லாம் உள்ளங்கையால் அழுத்தி வெளியேற்றிவிட்டு, உறையின் வாயை இறுக்கி முடிந்தாள்.