அனுப்பாமல் வைத்த முன்னுரை

ஆராய்ச்சிக் கட்டுரைக்கு ஒரு பக்கம் முன்னுரை எழுத மூன்று மாதமாக முடியவில்லை என்று செல்வகுமாரி சொன்னபோது நானும் நம்பித் தொலைத்தேன்.

கரிக்கலாம்பாக்கத்தில் கரும்பு போடும் வீட்டுப் பெண். எங்கள் கல்லூரியில் வேதியியல் கெஸ்ட் லெக்சரர். பாகூர் பக்கத்தில் கடல்நீர் எவ்வளவு தூரம் உள்ளே ஏறியிருக்கிறது என்று நாற்பத்திரண்டு கிணறுகளில் தண்ணீர் எடுத்துப் பார்த்தவள். கூடப் போனவர் அதே துறைத் தமிழ்க்குமரன். அவர் பைக்கில், நடுவில் பாட்டில் பெட்டியை வைத்துக்கொண்டு, இரண்டு வருஷம் சுற்றினாள். பிறகு அவருக்குக் கொரியாவில் ஆராய்ச்சி வேலை கிடைத்தது. "பேப்பர நீ எழுது, நான் பாத்துத் தரேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அட்டவணை, வரைபடம், முடிவு எல்லாம் தயார். முன்னுரைதான் நின்றது.

முதலில் உலகக் கடல்மட்டத்திலிருந்து ஆரம்பித்து அனுப்பினாள். "ரொம்பத் தூரத்துலேர்ந்து வர்ற" என்று பதில் வந்தது. அடுத்தது மழைக்கணக்கு, தூக்கம் வருகிறதாம். அப்புறம் போர்வெல் எண்ணிக்கை. ஒவ்வொரு பதிலுக்கும் கீழே இரண்டு வரி சொந்தக்கதை இருக்கும். இங்கே பனி கொட்டுகிறது, மதகடிப்பட்டு பரோட்டா ஞாபகம் வருகிறது, இப்படி. அந்த இரண்டு வரியைப் பத்துத் தடவை படிப்பாள். பக்கத்து நாற்காலிக்காரி எனக்குத் தெரியாதா?

ஒருநாள் அவள் வகுப்புக்குப் போயிருந்தபோது, திறந்து கிடந்த லேப்டாப்பில் வேறொரு முன்னுரையைப் பார்த்தேன். மணப்பட்டில் ஒரு மாடு கிணற்றுத் தண்ணீரை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டதில் தொடங்கியிருந்தாள். வணிகவியல்காரி எனக்கே மேலே படிக்க ஆசை வந்தது. தேதியைப் பார்த்தால், எழுதி இரண்டு மாதம் ஆகியிருந்தது.

வந்ததும் பிடித்துக்கொண்டேன்.

"இன்னாடி இது? இத்த ஏன் அனுப்பல?"

"இத்த அனுப்பினா அவரு சரின்னுடுவாருக்கா."

"நல்லதுதானே?"

"அப்புறம் எனக்கு எதுக்கு எழுதப் போறாரு?"

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. இந்தக் கட்டுரை வெளியானால்தான் நிரந்தர வேலைக்கு மதிப்பெண் சேரும். ஆராய்ச்சிப் பத்திரிகைக்காரர்கள் வெள்ளிக்கிழமைக்கு மேல் வாங்கமாட்டார்கள். ஒன்பது வருஷமாக கெஸ்ட்டாகவே இருக்கிறவளுக்கு இரண்டு வரி பெரிதாகப் போய்விட்டதா என்று வாய்க்கு வந்தபடி திட்டினேன். அந்த ஆளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்றும் கேட்டேன்.

"கேக்கல. அவர பாக்கணும்போல இருக்குதுக்கா, அவ்ளோதான்" என்றாள்.

அதற்குமேல் என்ன திட்டுவது?

வியாழக்கிழமை மத்தியானம் என் எதிரிலேயே அந்த முன்னுரையை அவருக்கு அனுப்பினாள். பத்தே நிமிஷத்தில் பதில்.

"அருமை. இதுதான். உடனே பத்திரிகைக்கு அனுப்பிடு."

கீழே ஒன்றும் இல்லை. திரையை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். அப்புறம் கட்டுரையைப் பத்திரிகைக்கு அனுப்பினாள். கேன்டீனுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். டீயை அப்படியே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, திருக்கனூர் பக்கம் நாங்க தண்ணி எடுக்கவே இல்ல. அங்கயும் உப்பு ஏறியிருக்கான்னு பாத்து இன்னொரு பேப்பர் போடலாமான்னு அவர கேக்கட்டுமா?"

திருக்கனூர் எங்கே, கடல் எங்கே. வேதியியல் படித்தவளுக்கு அது தெரியாமலா இருக்கும்?

"கேளுடி" என்றேன்.