பட்டுநூலில் தைத்த கீல்

கம்பியில் கட்டிப் பறக்கவிடும் பழைய பொம்மை விமானங்களுக்குக் கீல் மாற்றித் தருவது என் தொழில், இதைச் சொன்னால், "சரி, பிழைப்புக்கு என்ன செய்றீங்க?" என்று அடுத்த கேள்வி வரும். பழுதுபார்த்துக் காலம் தள்ளும் சக பாவிகளே, உங்களுக்குப் புரியும்.

சின்ன இயந்திரம் பூட்டிய விமானத்திலிருந்து இரண்டு மெல்லிய கம்பிகள் வரும். நடுவில் நிற்பவர் கைப்பிடியைச் சாய்த்தால் வாலின் பின்பலகை ஏறி இறங்கும். அதற்கேற்ப விமானம் உயர்ந்தும் தாழ்ந்தும் அவரைச் சுற்றி வட்டமடிக்கும். அந்தப் பலகையை வாலோடு சேர்ப்பதுதான் கீல். பழைய ஆட்கள் அதை நூலால் ‘8’ வடிவில் பின்னித் தைத்தார்கள்.

விறைப்பு

பிள்ளையார்பாளையத்தில் பட்டு நெய்யும் தேவிகா, பழைய விமானம் ஒன்றை ஆசையாக வாங்கி, அறுந்த கீலைத் தானே பட்டுநூலில் தைத்துக் கொண்டுவந்தார். தையல் அத்தனை அழகு. பலகைதான் அசையவில்லை, புது வேட்டியின் மடிப்புபோல விறைத்து நின்றது. இப்படியே விட்டால் முதல் சுற்றிலேயே மூக்கு மண்ணில் என்றேன். நூலை என்ன செய்தீர்கள் என்று கேட்டதற்கு என்னை விநோதமாகப் பார்த்தார்.

"கஞ்சி போட்டேன் சார். கஞ்சி போடாத பாவு நூலை யாராவது தறியில ஏத்துவாங்களா?"

தொய்வு

கஞ்சியில்லாத நூலால் மறுபடி தைத்தேன். மின்விசிறிக் காற்றுக்கே பலகை மெல்ல எழுந்து, மெல்லத் தாழ்ந்தது. மேசையில் ஏதோ பறவை தூங்குவதுபோல் இருந்தது. எடுத்துப்போக வந்த அவர் கணவர் சேகரிடம், நல்ல கீலில் பலகை தன் பாரத்திலேயே விழ வேண்டும் என்று விரிவாக விளக்கினேன். யாரும் கேட்காத விளக்கம்தான்.

"இவ்ளோ தொளதொளன்னு இருந்தா எங்க பறக்கும்பா? ஒரு தபா விழுந்துச்சுன்னா பரண்தான், அப்புறம் எறக்க மாட்டேன்னு அவகிட்ட சொல்லிட்டேன்."

தென்னேரி

ஞாயிறு காலை, வற்றிய ஏரியின் நடுவில் தேவிகா கைப்பிடியோடு நின்றார். சேகர் பிடித்திருந்த வாலை விட்டார். விமானம் எழுந்தது, எழுந்த வேகத்தில் தரையை நோக்கிச் சரிந்தது. தேவிகா மணிக்கட்டை லேசாக மடக்கினார். பலகை உடனே சொல் கேட்டது. புல்லை உரசினாற்போல் வந்த விமானம் மேலே ஏறியது.

எண்ணெய் தீரும்வரை இறக்க வழியில்லை. விமானம் சுற்ற, அவர் சுற்ற, கரையும் பனைகளும் வெள்ளை மேகமும் ஒரே வளையமாய் ஓடின. பிறகு இயந்திரம் அடங்கியது. விமானம் சத்தமே இல்லாமல் மிதந்து வந்து புழுதியில் அமர்ந்தது. தேவிகாவும் அமர்ந்தார்.

சேகர் ஓடிப்போய் விமானத்தைத் தூக்கினார். "எண்ணெ மிச்சம் இருக்குதா? அடுத்த தபா நான் புடிக்கிறேன்."

தேவிகா கண்ணைத் திறக்கவில்லை. "இருங்க, மொதல்ல ஏரி நிக்கட்டும்."

விமானம் இறங்கிய பிறகும் சுற்றிக்கொண்டிருப்பவர்களுக்கு மாற்றித்தர என் பெட்டியில் உதிரிப்பாகம் எதுவுமில்லை, அப்படி ஒன்று இருந்தாலும் மாற்றமாட்டேன்.