அண்ணனின் தக்காளிப் பாத்தியில் உப்பைக் கொட்டியது யார்?

எங்கள் அன்பு அண்ணன் இறைவனடி சேர்ந்து இன்று பதினாறாம் நாள். "எல்லோரையும் நம்பிய வெள்ளை மனத்தார்" என்று எழுதும்படி உறவினர் ஒருவர் எனக்குச் சொல்லி அனுப்பியிருந்தார். அண்ணன் இருந்து அதைப் படித்திருந்தால், "யாரைப் பத்தி எழுதறா இவ?" என்று கேட்டிருப்பார். அண்ணன் யாரையும் லேசில் நம்பாதவர். கூடப்பிறந்த தங்கை என்பதால் எனக்கும் அந்தக் குணம் உண்டு. அப்படி எழுதச் சொன்னவர் எதற்காகச் சொன்னார் என்று இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஆகவே நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

அண்ணன் மரக்காணத்தில், உப்பளத்தை ஒட்டிய எங்கள் தெருவில் பிறந்தார். அப்பா காலமானபோது அவருக்கு மீசைகூட அரும்பவில்லை. பள்ளிக்கூடப் பையை ஆணியில் மாட்டிவிட்டு அளத்தில் இறங்கினார். என்னைக் கிளியனூரில் கட்டிக்கொடுக்கும்வரை தனக்குக் கல்யாணம் வேண்டாம் என்று இருந்தார். மாப்பிள்ளையைப் பற்றி அந்த ஊரில் ஒரு வீடு விடாமல் விசாரித்தார். என் வீட்டுக்காரர் இன்றைக்கும் அதைச் சொல்லிக்காட்டுவார். அண்ணன் சந்தைக்குப் போனால் எடைக்கல்லைத் தூக்கிப் பார்ப்பார். யார் எதைக் குடிக்கக் கொடுத்தாலும் முதலில் மோந்து பார்ப்பார், பிறகு நாக்கு நுனியில் ஒரு சொட்டு, அதற்கப்புறம்தான் குடிப்பார். அளத்துத் தண்ணீரின் பதத்தை நாக்கில் வைத்தே சொல்லுகிறவருக்கு அது கைவந்த பழக்கம்.

அவருக்கு இன்னொரு பழக்கமும் இருந்தது. அளத்திலிருந்து வந்ததும் வீட்டுக்குப் பின்னால் ஒரு அலுமினிய அன்னக்கூடையில் தண்ணீர் வைத்து, கால், வேலைத்துணி, உப்பு வாரும் பலகை எல்லாவற்றையும் அதிலேயே கழுவுவார். உப்பு என்றால் லட்சுமி, கழுவிய தண்ணீரைத் தெருவில் ஊற்றினால் வீட்டை விட்டுப் போய்விடுவாள் என்பது எங்கள் தெருப் பேச்சு. அதனால் அதை அப்படியே தூக்கித் தென்னை மரத்தடியில் ஊற்றிவிடுவார். தென்னைக்கு உப்பு ஆகும். அதுவும் காய்த்துத் தள்ளியது.

2004 டிசம்பரில் கடல் உள்ளே வந்தபோது அந்தத் தென்னை சாய்ந்துவிட்டது. அளம் முழுக்கச் சேறு. வேலை இல்லாமல் வீட்டில் உட்கார்ந்த அண்ணன், தென்னை இருந்த இடத்தில் தக்காளி போடுவது என்று முடிவு செய்தார். அதே சமயம் அண்ணன் மகள் செல்வியை, அண்ணியின் தம்பி மகனுக்குக் கொடுக்கும் பேச்சும் நடந்துகொண்டிருந்தது. சின்னஞ்சிறுசுகள் இரண்டுக்கும் அதில் விருப்பம். அண்ணியின் தம்பி பெருமுக்கலில் மணிலாக் கொட்டை, அதாவது வேர்க்கடலை, பயிர் செய்கிறவர். எங்கள் வீட்டில் அவரைப் பெருமுக்கல்காரர் என்றே சொல்வோம்.

தக்காளி போடப்போவதைக் கேள்விப்பட்டு அவர் ஒரு பையில் வெள்ளை மாவு கொண்டுவந்தார்.

"மாமா, இது ஜிப்சம். கொட்டைக்குப் போட்டது போக மீந்தது. கடத்தண்ணி நின்ன மண்ணு இது. இதக் கலந்து, நல்ல தண்ணி நெறைய கட்டி வடிய வுடுங்க. உப்பு எறங்கிடும்."

அண்ணன் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தார்.

"கரிக்கல," என்றார். "அதான் சந்தேகமா இருக்குது."

அண்ணி அவரைக் கேட்காமல் மண்ணில் கலந்துவிட்டார். நாற்று நட்டார்கள். மக்கின சாணம், ஊறவைத்துக் கரைத்த கடலைப் புண்ணாக்கு என்று அண்ணன் பார்த்துப் பார்த்துப் போட்டார். பக்கத்து வீட்டுக்காரர் ஒரு கை யூரியா கொடுத்தார். அதைப் போட்டதும் செடி கருகருவென்று தழைத்தது, பூவெல்லாம் உதிர்ந்தது. "எலையில கொழம்பு வெக்கச் சொல்றானா இவன்?" என்று அண்ணன் அதோடு யூரியாவையும் பக்கத்து வீட்டுக்காரரையும் நிறுத்திவிட்டார். பிறகு பூ நின்றது, காய் பிடித்தது. முதலில் பழுத்ததில் எனக்கு இரண்டு கொடுத்தார்.

கோடையில் அளத்தில் மறுபடி வேலை ஆரம்பித்தது. அப்போதுதான் செடிக்குக் கேடு வந்தது. இலை ஓரமெல்லாம் தீய்ந்தது. காயின் அடிப்பக்கம் கறுத்து, குழிந்து, செருப்புத் தோல் மாதிரி ஆனது. மேலே பார்த்தால் நல்ல காய், திருப்பினால் கறுப்பு. அண்ணன் முட்டை ஓட்டை நுணுக்கிப் போட்டார். கேட்கவில்லை. திருஷ்டிக்குப் பூசணிக்காய் கட்டினார். அதற்கும் கேட்கவில்லை. கடைசியில் வேரடி மண்ணை எடுத்து நாக்கில் வைத்தார். மண் கரித்தது.

"எவனோ உப்பக் கொட்டியிருக்கான்."

அன்றிலிருந்து வீட்டில் யாருக்கும் நிம்மதி இல்லை. முதலில் யூரியா கொடுத்த பக்கத்து வீட்டுக்காரர். அடுத்து, கஞ்சித் தண்ணீரை எங்கே கொட்டுகிறாய் என்று அண்ணியிடம் விசாரணை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது என்னையும் விடவில்லை.

"நீ வந்துட்டுப் போன பொறவுதான் இன்னும் ரெண்டு செடி போச்சு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "கிளியனூர்லேர்ந்து பஸ் ஏறி உப்புக் கொட்ட வர்றனா? மரக்காணத்துக்கே உப்பா?" என்றேன்.

"அதானே. யாரும் சந்தேகப்பட மாட்டாங்க இல்ல," என்றார்.

நான் காப்பிகூடக் குடிக்காமல் கிளம்பினேன். கடைசியில் சந்தேகமெல்லாம் பெருமுக்கல்காரர் மேலே போய் நின்றது. அந்த வெள்ளை மாவுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்றார் அண்ணன். "செடிக்கே இப்படிப் பண்ணவன் வூட்டுல பொண்ணு எப்படி வாழும்?" என்று பரிசத்துக்குப் பார்த்த நாளை நிறுத்திவிட்டார். செல்வி சாப்பாட்டைத் தொடவில்லை. அண்ணி, தன் பிறந்த வீட்டைப் பேசிய மனிதரிடம் பேசுவதையே விட்டுவிட்டார்.

இடையில் அண்ணனுக்குக் காய்ச்சல் வந்தது. அளத்துக்குப் போகாமல், போர்வையைப் போர்த்திக்கொண்டு பாத்தியருகில் ஸ்டூல் போட்டுக் காவல் இருந்தார். அந்த நாட்களில் அண்ணிதான் நல்ல தண்ணீர் ஊற்றினார். அடுத்துப் பிடித்த காய்கள் அடி கறுக்காமல் வந்தன.

"பாத்தியா? நான் இருக்கறது தெரிஞ்சி எவனும் வர்ல," என்றார் அண்ணன்.

காய்ச்சல் விட்டு மறுபடி வேலைக்குப் போனார். காயும் மறுபடி கறுத்தது. இனியும் பொறுக்க முடியாமல், உண்டா இல்லையா என்று கேட்டுவிட ஒரு சாயங்காலம் பெருமுக்கல்காரர் வந்தார். அண்ணி என்னையும் வரச் சொல்லியிருந்தார். அண்ணன் அளத்திலிருந்து வந்து, யார் முகத்தையும் பார்க்காமல் அன்னக்கூடையில் கால் கழுவ ஆரம்பித்தார். நாங்கள் எல்லோரும் எதிரில் நின்றோம்.

"உப்பக் கொட்டுனவன் யாருன்னு தெரியாம பரிசம் கெடையாது," என்று சொல்லிக்கொண்டே, கழுவிய தண்ணீரைத் தூக்கித் தக்காளி வேரில் ஊற்றினார்.

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். காலமெல்லாம் நாங்கள் பார்த்த காட்சிதான் அது. தினமும் பார்ப்பதை யார் உற்றுப் பார்க்கிறார்கள்? அண்ணன் எங்கள் முகங்களையெல்லாம் சந்தேகமாகப் பார்த்தார்.

"அப்பா," என்றாள் செல்வி, "இப்ப அந்த மண்ண நாக்குல வெச்சிப் பாருங்க."

வைத்துப் பார்த்தார். அன்னக்கூடையைப் பார்த்தார். தன் காலைப் பார்த்தார்.

"தென்ன மரம் ஒண்ணும் சொல்லலியே," என்றார்.

"செத்த மரத்த வுடுங்க," என்றார் அண்ணி. பல நாள் கழித்து அவர் பேசிய முதல் வார்த்தை அது. "என் தம்பி கையில பேசுங்க."

மன்னிப்புக் கேட்பது அண்ணனுக்கு வராத காரியம். அன்னக்கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "ஏம்பா, அந்த மாவு இன்னும் இருக்குதா?" என்று கேட்டார்.

"இருக்குது மாமா. பரிசத்தோட கொண்டாறேன்."

சொன்னபடி, பரிசத் தட்டுகளோடு ஒரு ஜிப்சம் பையும் வந்தது. கால் கழுவும் இடத்தை அண்ணன் வேலி ஓரத்துக்கு மாற்றினார். லட்சுமி அங்கேயே இருக்கட்டும் என்றார். செல்வி கல்யாணச் சாப்பாட்டில் ரசத்துக்கு எங்கள் வீட்டுத் தக்காளிதான்.

இந்த வருடம் அண்ணனுக்குக் கால் வீங்கியது, மூச்சு வாங்கியது. உப்பே ஆகாது என்று டாக்டர் சொன்னார். அண்ணன் டாக்டரைச் சந்தேகப்பட்டார். மாத்திரையின் நிறம் மாறியதையும் சந்தேகப்பட்டார். கடைசி வாரத்தில் பெருமுக்கல்காரர், உப்பில்லாத தக்காளி ரசத்தை டம்ளரில் ஆற்றிக் கொடுத்தார். அண்ணன் மோந்து பார்ப்பார் என்று நான் காத்திருந்தேன். மோந்து பார்க்கவில்லை. நாக்கு நுனியில் சொட்டு விடவில்லை. வாங்கினார், அப்படியே குடித்தார். நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். என்னால் தாங்க முடியவில்லை.

ஆஸ்பத்திரிக்கு வண்டி கொடுத்தவர்களுக்கும், தோள் கொடுத்து இடுகாடு வரை வந்த அளத்துத் தொழிலாளர்களுக்கும், இத்தனை நாளும் எங்களுக்குச் சோறாக்கிப் போட்ட பக்கத்து வீட்டாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பெருமுக்கல்காரருக்கு நன்றி சொன்னால் அவர் கோபித்துக்கொள்வார். ஆனாலும் சொல்கிறேன்.

காரியத்துக்கு அளத்திலிருந்து நேராக வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வேலி ஓரத்தில் தண்ணீர் வைத்திருக்கிறோம், அங்கேயே கால் கழுவுங்கள். பின்னால் அண்ணன் கையால் நட்ட செடிகளில் காய் இருக்கிறது. பறித்துப் பாருங்கள், திருப்பியும் பாருங்கள். அடி கறுக்கவில்லை.