பேச வந்த டாக்டரம்மாக்கள்

"ஊரைக் கூப்பிட்டவன் உக்கார முடியாது" என்றோ, "நிக்கக்கூட முடியாது" என்றோ என் பெரியப்பா சொல்வார், சரியாக நினைவில்லை. பள்ளிக்கூடத்துக்கு விருந்தினரைப் பேச அழைக்கும் வேலை தலையில் விழுந்த ஆசிரியப் பெருமக்களே, எதுவாக இருந்தாலும் நமக்குப் பொருந்தும். மாலத்தீவில் பதினாறு வருஷம் ஆங்கிலம் நடத்திவிட்டு ஊர் திரும்பி, சிவகாசிப் பக்கம் ஒரு பெண்கள் பள்ளியில் சேர்ந்தேன். பிளஸ் ஒன் சேர்க்கைப் பட்டியல் என் பொறுப்பு. அந்த வாரங்களில் பெண் டாக்டர்களை வரவழைத்து, அவர்கள் படித்து வந்த கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லவைப்பதும் என் பொறுப்பு.

மைக்கில் பிறந்த பிள்ளை

விருதுநகரிலிருந்து வந்த மகப்பேறு மருத்துவர், பஸ் வராத கிராமத்திலிருந்து தாம் நடந்தே படிக்கப் போனதைச் சொல்லிக்கொண்டிருந்தார். போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டார், மைக்கைக் கீழே வைக்க மறந்துவிட்டார். "தலை தெரியுதா? பதறாத. அவுகள மூச்ச நல்லா இழுத்து விடச் சொல்லு" என்று ஆஸ்பத்திரியில் இருந்த ஜூனியர் டாக்டருக்கு அவர் சொன்னதெல்லாம் மைதானம் முழுக்கக் கேட்டது. நானூறு பிள்ளைகளும் சேர்ந்து மூச்சை இழுத்துவிட்டார்கள். கடைசியில் போனுக்குள்ளிருந்து மெலிதாக ஓர் அழுகை. மைதானமே கைதட்டியது. அவரோ போனைப் பைக்குள் போட்டுவிட்டு முன்வரிசையைப் பார்த்துக் கேட்டார்: "எங்கன விட்டேன்?"

யூனிபார்ம் இல்லாதவர்

அடுத்து வந்த குழந்தை மருத்துவர் பார்க்கப் பிளஸ் டூ பிள்ளை மாதிரி இருந்தார். "ஏ பிள்ள, யூனிபார்ம் எங்க?" என்று வாட்ச்மேன் கேட்டிலேயே மறித்துவிட்டார். டாக்டர் என்று தெரிந்ததும் தோள் துண்டு இடுப்புக்கு இறங்கியது. நான் ஓடிச் சேர்வதற்குள் வேட்டி முட்டிக்கு மேல் ஏறியிருந்தது. "நான் குழந்தைகளுக்குத்தான் பாப்பேன் அண்ணாச்சி" என்றார் அவர். வாட்ச்மேன் அசரவில்லை. "முட்டி வலி வந்து நாலு மாசந்தான் ஆகுது தாயி, அதுவும் சின்னப்புள்ளதான்."

நான் எழுதிய பட்டியல்

பிளஸ் ஒன் சேர வந்த முத்துச்செல்வியின் அம்மா பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கிறார்; அப்பா அங்கேயே வேன் ஓட்டுகிறார். பத்தாம் வகுப்பில் அறிவியலில் அவளுக்கு நல்ல மார்க். ஆனாலும் காமர்ஸ் பட்டியலில் எழுதினேன். டாக்டர் படிப்பு என்று ஆசை காட்டி, இடம் கிடைக்காமல் போனால் அந்த வீடு தாங்குமா என்று யோசித்தேன். "நாலு இடம் பாத்தவுக நீங்க, சொன்னாச் சரிதான் சார். கேலண்டர் கம்பெனில ஆபீஸ் வேலை கிடைச்சாப் போதும்" என்று அப்பாவும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். அவள் மட்டும் நின்றாள். "நான் பயாலஜிக்குல்ல பேரு குடுத்தேன் சார். ஏங்கிட்ட ஒரு வார்த்த கேக்கலியே."

ஜன்னல் கம்பி

பட்டியலை முடிப்பதற்கு முந்தின நாள், தீக்காய சிகிச்சை மருத்துவர் வந்தார். அரங்கத்துக்குள் நுழையுமுன் நின்று, ஜன்னல் கம்பியில் உள்ளங்கையை ஒரு கணம் பதித்துவிட்டு வந்தார். களைப்பு போலும் என்று நான் நாற்காலியை இழுத்தேன். பிள்ளைகளிடம் ஒரே சலசலப்பு. முத்துச்செல்வி எழுந்தேவிட்டாள்: "மேடம், எந்தக் கம்பெனில வேலை பாத்தீக?"

நான் விழித்தேன். பக்கத்துப் பிள்ளைதான் சொன்னாள்: "வெடிமருந்து ரூமுக்குள்ள போகுமுன்ன செம்புத் தகட்டத் தொடணும் சார். உடம்புல இருக்கிற கரண்டு இறங்கணும்ல."

டாக்டர் தன் கையையே பார்த்துச் சிரித்தார். இருபது வருஷமாகியும் எந்த வாசலைக் கண்டாலும் கை தானாகப் போகிறதாம். "பிளஸ் ஒன்னுல எங்க சாரு என்னை டைப்ரைட்டிங் குரூப்புல போட்டாரு. பிளஸ் டூ முடிச்சு ஒரு வருசம் கம்பெனிக்குப் போனேன். அப்புறம் மறுபடி பிளஸ் ஒன்னுல போயி உக்காந்தேன், தங்கச்சி வயசுப் பிள்ளைகளோட."

"அந்த சார் மேல கோவமா மேடம்?" கேட்டவள் முத்துச்செல்வி. என் பக்கம் திரும்பாமல் கேட்டாள்.

"சே, தங்கமான மனுசன். என் நல்லதுக்குன்னுதான் செஞ்சாரு. மூணு வருசம் போச்சு, அம்புட்டுத்தான்."

மறுநாள் காலை முத்துச்செல்வியைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவள் அப்பாவிடம் போனில் பேசினேன். காமர்ஸ் பட்டியலில் அவள் பெயரை அடித்து, பயாலஜி பட்டியலில் எழுதினேன்.