பொட்டுக்கு அடியில் இருக்கும் பள்ளம்

பீரங்கி சுட்டபின் எஞ்சும் பித்தளைக் கூட்டின் அடியைப் படித்து அடையாளம் சொல்லும் தொழிலில், கூட்டைவிட அதைக் கொண்டுவருபவர்களிடமிருந்துதான் நம்மைக் காத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

வாய்மொழிக் கதைகளின் வேறுபாடுகளைத் தொகுப்பது என் பழைய வேலை. கதைகளுக்கு நான் அஞ்சுபவன் அல்லன். ஆனால் கூட்டின் அடியில் குழலின் அகலமும் செய்த இடமும் ஆண்டும் அச்சாகியிருக்கும். நடுவில், நெருப்பு மூட்டும் மருந்தடைத்த சிறு மூடி இருக்கும். அதில் ஊசி குத்திய பள்ளம் இருந்தால் அது வெடித்து முடிந்த கூடு. பள்ளம் இல்லையென்றால் மருந்து இன்னும் உயிரோடு இருக்கலாம். தட்டினால் கையும் கண்ணும் போகும். முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். அதைப் பார்க்க விடக்கூடாது என்பதற்கென்றே நம்மவர்கள் ஆயுத பூஜைதோறும் சந்தனம் குழைத்து, மிகச் சரியாக அந்த மூடியின்மேல் குங்குமப் பொட்டு வைக்கிறார்கள். இதே அல்லலில் உழலும் அன்பர்களுக்கு இது புதிதன்று.

ஆர்.எஸ்.புரத்து வீரம்

கோவையில் நகைக்கடைக்காரர் ஒருவர் வீட்டில் குடை செருகி வைக்க ஒரு கூடு. எதிரி சுட்ட குண்டைத் தாத்தா கையால் பிடித்தாராம். தம்பியின் கதையில் வேட்டியை விரித்துப் பிடித்தார். மருமகளின் கதையில் தாத்தா பட்டாளத்துச் சமையற்காரர், குண்டே வரவில்லை. மூன்றையும் பொறுமையாகக் கேட்டேன். கூடு சுட்டவன் பக்கத்திலேயே தங்கிவிடும், எதிரியிடமிருந்து பறந்து வராது என்று விளக்கினேன். பொட்டைத் துடைத்துப் பள்ளத்தையும் காட்டினேன். அச்சிட்ட ஆண்டோ தாத்தா போன போர் முடிந்த பிறகு வருவது. கடைக்காரர் அசரவில்லை.

"ஆண்டெல்லாம் இருக்கட்டுங்க சார். பொண்ணு பாக்க வாரவங்க யாருங்க அதைக் கவுத்துப் பாக்கப் போறாங்க?"

சுத்தம்

பம்பு பட்டறை வைத்திருக்கும் ஒருவர், தம்மிடம் அரிய எழுத்துகள் கொண்ட கூடு இருப்பதாகத் தொலைபேசியில் சொன்னார். போய்ப் பார்த்தால் அடிப்பாகம் முகம் பார்க்கும் கண்ணாடி. ஓர் எழுத்தும் இல்லை. நல்லவேளை, நடு மூடி முன்பே கழன்று போயிருந்தது. எழுத்து எங்கே என்று கேட்டேன்.

"நீங்க வாரீங்கன்னுதானுங்க லேத்துல போட்டு நல்லாச் சீவிப்போட்டேன். இப்பப் படிங்க!"

யானை விரட்டி

தொண்டாமுத்தூர்ப் பக்கம் ஒரு விவசாயி, தோப்புக்குள் யானை இறங்கினால் விரட்டுவதற்கு ஒரு கூட்டைத் தென்னைகளுக்கிடையே படுக்கைவாட்டில் தொங்கவிட்டிருந்தார். இரும்புக் கம்பியால் அதன் அடிப்பக்கத்தில் ஓங்கி அடிப்பார். எனக்கு அடித்துக் காட்டக் கம்பியை எடுத்துவிட்டார். தடுத்து நிறுத்தி, நடுவிலிருந்த பொட்டை ஈரத்துணியால் ஒற்றி எடுத்தேன்.

பள்ளம் இல்லை.

விளிம்பெங்கும் கம்பி பட்ட வடுக்கள். நடு மூடியில் மட்டும் ஒரு கீறல்கூட இல்லை. நான் பின்வாங்கியதைப் பார்த்து அவர் சிரித்தார். "ஏனுங்க, யானைதான் பயந்து ஓடுதுன்னா நீங்களுமா?" விவரத்தைச் சொன்னதும் கம்பி தானாகவே கீழே விழுந்தது. வெடிகுண்டுப் பிரிவினர் வந்து, மணல் நிரப்பிய பெட்டியில் கூட்டை எடுத்துப் போனார்கள்.

இத்தனை நாள் நடுவில் அடி படாதது எப்படி என்று கேட்டேன். பொட்டு வைத்த இடத்தில் அடித்தால் வீட்டுக்கு ஆகாது என்று மனைவி கண்டிப்பாகச் சொல்லியிருந்தாராம். அது வெறும் தற்செயல், குங்குமத்துக்கும் வெடிமருந்துக்கும் எத்தொடர்பும் இல்லை என்று அந்த அம்மாளுக்கு விளக்கத் தொடங்கினேன். அவர் காப்பித் தம்ளரை என் கையில் வைத்தார்.

"நானு பொட்டு வெக்காம உட்டிருந்தா, இன்னைக்கு நீங்க வந்து யாருக்குங்க படிச்சுச் சொல்லியிருப்பீங்க?"

ஆகவே, அன்பர்களே, பொட்டை இன்றும் துடைத்துவிட்டுத்தான் படிக்கிறேன். படித்து முடித்தபின் அவர்கள் மறுபடி வைப்பதை மட்டும் இப்போது தடுப்பதில்லை.