சாயக் குண்டானில் பச்சை

என் பீரோவில் இருந்த பருத்திச் சுடிதார்கள் வாங்கும்போது வேறு வேறு நிறத்தில்தான் இருந்தன. வேப்பம்பட்டு வெயிலில் மொட்டைமாடிக் கொடியில் காய்ந்து காய்ந்து, எல்லாம் கூடிப் பேசி முடிவெடுத்த மாதிரி ஒரே நிறத்துக்கு வந்துவிட்டன. அது என்ன நிறம் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. நனைந்த வெங்காயத் தோலை நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் துணி கெட்டியாக இருந்தது; எங்கும் நையவில்லை, தையல் விடவில்லை.

அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் கணக்கு பார்க்கும் கம்பெனியில், பக்கத்து மேஜைப் பெண் ஒருநாள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இன்னாக்கா, உங்களுக்கு மட்டும் யூனிஃபார்ம் குடுத்துட்டாங்களா?" என்று கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது. மறுநாளே புதுசாக நாலு வாங்கிப் போட்டு அவள் வாயை அடைத்திருக்கலாம். ஆனால் கிழியாத துணியைக் கழித்துப்போட எனக்குக் கை வராது. அதோடு, நிறம் போன துணியில் மறுபடி நிறம் ஏறுமா என்ற கேள்வி மண்டைக்குள் புகுந்துவிட்டது. ஒரு கேள்வி புகுந்தால் விடை தெரியும்வரை எனக்குச் சோறு இறங்காது. போலீசுக்குப் போக வேண்டியவள் தப்பி வந்துவிட்டாள் என்று வீட்டுக்காரர் சொல்வார்.

பூந்தமல்லி பஜாரில் கோலப்பொடி, சொட்டு நீலம், கஞ்சிப் பவுடர், கொடிக்கயிறு எல்லாம் விற்கும் பாய் கடை ஒன்று இருக்கிறது. அங்கே சாயத்தூளும் உண்டு. ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து காட்டச் சொன்னேன். நீலம் என்றது கறுப்பாக இருந்தது. ரோஸ் என்றது பச்சையாக மின்னியது. "பாய், டப்பாவ மாத்தி எடுத்துட்டீங்களா?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "தூள பாத்து முடிவு பண்ணாதீங்கமா. தண்ணில வுட்டாதான் அது இன்னா கலர்னு அதுக்கே தெரியும். கல்லுப்பு போட்டு கொதிக்க வுடுங்க. பருத்தின்னா புடிச்சிக்கும். பாலிஸ்டர்னா உங்க கையத்தான் புடிக்கும்."

தூளைச் செய்தித்தாளில் மடித்துக் கொடுத்தார். பஸ்ஸில் வரும்போது அந்தப் பொட்டலங்களை இரண்டு தடவை பிரித்துப் பார்த்து, துப்பட்டாவில் ஊதாப் புள்ளி விழவைத்துக்கொண்டேன்.

முதல் துணி திட்டுத்திட்டாக வந்தது. தேமல் விழுந்த முதுகு மாதிரி, ஓரிடத்தில் கரு நீலம், ஓரிடத்தில் வெளிர் நீலம். தூள் மட்டமா, தண்ணீர் உப்பா என்று யோசித்துப் பார்த்தேன். பிறகுதான் உறைத்தது. பருத்தி எதையும் நான் கஞ்சி போடாமல் உடுத்தமாட்டேன். வருஷக்கணக்கில் ஏறிய சோற்றுக் கஞ்சி துணியோடு துணியாக உட்கார்ந்திருக்கிறது. சாயம் எங்கே நுழையும்? அடுத்த துணியை முதலில் சலவைச் சோடாவில் கொதிக்கவிட்டேன். பழைய கஞ்சி கொழகொழவென்று வெளியே வந்தது. நான் எத்தனை சோறு உடுத்திக்கொண்டு திரிந்திருக்கிறேன் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அந்தச் சோடாத் தண்ணீரில் இன்னொரு வேடிக்கையும் நடந்தது. புதுத்துணியை உடுத்துமுன் ஓரத்தில் மஞ்சள் வைப்போம் இல்லையா, அது வெளியே வெளுத்துப் போயிருந்தாலும் உள்மடிப்பில் கொஞ்சம் ஒளிந்திருந்தது. சோடா பட்டதும் அது குங்குமச் சிவப்பாக மாறியது. நான் அடுப்பை அணைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். எலுமிச்சை பிழிந்தேன், திரும்பவும் மஞ்சளானது. மறுபடி சோடா, மறுபடி சிவப்பு. அன்று மதியச் சாப்பாடு வீட்டில் தாமதம்.

சாயம் ஏறிய துணியில் தையல் நூல் மட்டும் ஏறாமல் நின்றது இன்னொன்று. நூல் பாலிஸ்டர். சுடிதார் நீலமாகிவிட்டது, தையல் பழைய ரோஸிலேயே ஓடியது. இடுப்பில் பிரித்துவிட்ட இடம் வேறு நூலில் தனியாகத் தெரிந்தது. நான் எப்போது பெருத்தேன் என்பதை ஊருக்கே அறிவிக்கும் சட்டை அது. எனக்கு அது பிடித்திருந்தது. அதைப் போட்டுக்கொண்டு ஆபீசுக்குப் போனேன். பக்கத்து மேஜைப் பெண் தையலைத் தடவிப் பார்த்து, "ஃபேன்சி நூலாக்கா? எங்க குடுத்து தைச்சீங்க?" என்றாள். நான் கடையைச் சொல்லவில்லை.

இந்தக் கூத்துக்கெல்லாம் என்கூட நின்றவன் என் மகன். மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்துவிட்டு, ரயில் எஞ்சின் ஓட்டுகிற வேலைக்குப் பரீட்சை எழுதியிருந்தான். எழுத்துத் தேர்வுகள் எல்லாம் தேறிவிட்டான். மருத்துவப் பரிசோதனை ஒன்றுதான் பாக்கி. அதற்குக் கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தான். அந்த வேலைமேல் அவனுக்கு இருந்தது ஆசை என்று சொன்னால் போதாது. வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டே, போகிற வண்டியின் ஹாரனை வைத்து அது என்ன எஞ்சின் என்று சொல்லுவான். தெருவில் பாதிப்பேர் அவனை இப்போதே டிரைவர் என்றுதான் கூப்பிட்டார்கள். நானும் மனசுக்குள் அவனுக்குச் சீருடை போட்டுப் பார்த்துவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பச்சைச் சாயம் காய்ச்சினேன். பாய் கொடுத்த பச்சை தனியாகப் போட்டால் கிளி மாதிரிக் கத்தும். அதை அடக்கக் கொஞ்சம் காபிப்பொடி நிறத் தூளைச் சேர்க்கச் சொல்லியிருந்தார். எனக்கு வேண்டியது முருங்கைக்கீரைப் பச்சை. ஒரு கொத்துக் கீரையைச் சமையல் மேடையில் வைத்தேன். பழைய வெள்ளைப் பாவாடையைக் கிழித்த துண்டு ஒன்றைக் குண்டானில் நனைத்து, இஸ்திரிப் பெட்டியால் காயவைத்து, கீரையோடு ஒட்டிப் பார்க்க வேண்டும். ஈரத் துணி எப்போதும் பொய் சொல்லும். காய்ந்தால்தான் சரியான நிறம். இவ்வளவும் மகனுக்குச் சொல்லிக்கொடுத்து, "சிட்டிகை சிட்டிகையா காபிக் கலர போடு. கீரை மாதிரி வந்ததும் நிறுத்திடு" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனேன்.

திரும்பி வந்தபோது குண்டானில் செம்மண் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. சுடிதார் அதற்குள் உருண்டுகொண்டிருந்தது. மகன் காய்ந்த துண்டைக் கீரைமேல் வைத்துப் பிடித்துக்கொண்டு பெருமையாக நின்றான்.

"பாரு, அப்படியே கீது" என்றான்.

"வெளையாடாதடா. இன்னா பண்ணி வச்சிருக்கே?"

"இன்னா வெளையாட்டு? ரெண்டையும் பாரு. இலை எது, துணி எதுன்னே தெரில."

கீரை பச்சையாக இருந்தது. துணி வறுத்த கொத்தமல்லி நிறத்தில் இருந்தது. அவன் முகத்தைப் பார்த்தேன். என்னைக் கேலி செய்யும்போது அவனுக்கு உதட்டோரம் துடிக்கும், அது துடிக்கவில்லை.

அந்த நிமிஷத்தில் எனக்குத் துக்கமோ பயமோ வரவில்லை என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். வந்தது ஆர்வம். இத்தனை வருஷம் என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்ட பிள்ளைக்கு உலகம் வேறு மாதிரித் தெரிகிறது என்றால், அது எப்படித் தெரிகிறது? அடுப்பை அணைத்தேன். மிச்சப் பாவாடையையும் துண்டு துண்டாகக் கிழித்தேன். வீட்டில் இருந்த தூள் எல்லாவற்றையும் தனித்தனிக் கிண்ணத்தில் கரைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு துண்டை நனைத்து, காயவைத்து, தரையில் பரப்பினேன். "ஒரே மாதிரி இருக்கிறத எல்லாம் ஜோடி சேரு" என்றேன்.

அவனுக்கும் விளையாட்டாக இருந்தது. தயங்காமல் சேர்த்தான். பச்சையும் காபியும் ஒரு ஜோடி. ஊதாவும் நீலமும் ஒரு ஜோடி. மஞ்சளை மட்டும் சரியாகத் தனியே வைத்தான். எனக்குக் கேள்விகள் பொத்துக்கொண்டு வந்தன.

"தக்காளி பழுத்துச்சா இல்லையான்னு எப்படிடா பாப்பே?"

"அமுக்கி பாப்பேன். எல்லாரும் அப்படித்தானே பாப்பாங்க?"

"பைக்குல போறப்ப சிக்னல்?"

"மேல எரிஞ்சா நிக்கணும், கீழ எரிஞ்சா போணும். அதுல இன்னா கீது?"

சொல்லிவிட்டுச் சிரித்தான். "மெடிக்கல்லகூட இந்த மாதிரிதான் கலரு காட்டி கேப்பாங்களாம்" என்று தொடங்கியவன் பாதியில் நிறுத்திவிட்டான். நானும் கையில் இருந்த கிண்ணத்தைக் கீழே வைத்தேன்.

ஆவடியில் ஒரு கண் மருத்துவரிடம் போனோம். புள்ளிகள் நிறைந்த புத்தகம் ஒன்றைப் புரட்டிக் காட்டினார். எனக்கு ஒவ்வொரு பக்கத்திலும் புள்ளிகளுக்குள் ஓர் எண் பளிச்சென்று தெரிந்தது. என் மகன் பக்கத்துக்குப் பக்கம், "புள்ளிதான் சார் தெரியுது" என்றான். சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாதாம், பிறவியிலேயே அப்படியாம், மருந்து இல்லையாம். வேறு எந்த வேலைக்கும் பெரிதாக இடைஞ்சல் இல்லை, எஞ்சின் ஓட்டுவது மாதிரி வேலைக்கு மட்டும் கூடாது என்றார். பெரும்பாலும் தாயின் அப்பாவிடமிருந்து தாய் வழியாகப் பிள்ளைக்கு வரும், தாய்க்குப் பார்வை சரியாகவே இருக்கும் என்றும் சொன்னார்.

என் அப்பா மார்க்கெட்டுக்குப் போனால் காயும் பழமுமாகத்தான் தக்காளி வாங்கி வருவார். அம்மா தலையில் அடித்துக்கொள்வாள், நாங்கள் எல்லாம் சிரிப்போம். அவர் கடைசிவரை ஒன்றும் சொல்லவில்லை; அவருக்கே தெரிந்திருக்காது. எனக்கு எல்லா நிறமும் தெரிந்தது, ஆனால் என் வழியாகத்தான் அது என் பிள்ளைக்குப் போயிருக்கிறது. அன்று ரயிலில் வரும்போது யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல், இடித்துக்கொண்டு ஏறிய ஒரு பெண்மேல் எரிந்து விழுந்தேன்.

என் குடைச்சல் புத்தி அதோடு நிற்குமா? போனில் தேடினேன். அந்தப் புள்ளிப் புத்தகத்தின் பக்கங்கள் எல்லாமே அதில் கிடைத்தன. எந்தப் பக்கத்தில் எந்த எண், ஓரத்தில் எந்தப் புள்ளியை அடையாளம் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லித்தருகிறவர்களும் இருந்தார்கள். படித்ததை மறக்காத பிள்ளை அவன். ஒரு வாரம் உட்கார்ந்தால் மனப்பாடம் செய்துவிடுவான். அவன் அறைக்குப் போய்ப் போனை நீட்டினேன்.

"இத்த பாருடா. நெறைய பேரு இப்படி பாஸ் பண்ணியிருக்காங்க."

அவன் வாங்கிப் பார்த்தான். கீழே வரை தள்ளித் தள்ளிப் பார்த்தான். என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, "ஸ்டேஷன் வரைக்கும் வரியாமா?" என்றான்.

சாயங்காலம் மங்கிக்கொண்டிருந்தது. பிளாட்பாரத்தின் கோடிவரை என்னைக் கூட்டிக்கொண்டு நடந்தான். அங்கே பெஞ்சு இல்லை, கூட்டம் இல்லை. எட்டத்தில் தண்டவாளத்தின் மேல் ஒரு விளக்கு எரிந்தது.

"இன்னா கலருமா அது?"

"சிவப்பு."

கொஞ்ச நேரத்தில் விளக்கு மாறியது. "இப்ப?" என்றான்.

"பச்சை."

"எனக்கு ரெண்டும் வெளிச்சம்தான். கிட்ட நின்னா எடத்த வச்சு சொல்லிடுவேன். தூரத்துல, மழையில, வண்டி ஓடினு இருக்கும்போது எத்த வச்சு சொல்றது?"

"நீ அதுக்குள்ள பழகிடுவடா. கூட இன்னொருத்தர் இருப்பாரு இல்ல?"

சென்னைப் பக்கம் போகிற வண்டி வந்து நின்றது. ஜனங்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். கைக்குழந்தையோடு ஒருத்தி ஓடிவந்து கடைசிப் பெட்டியில் தொற்றிக்கொண்டாள். வண்டி கிளம்பி எங்களைத் தாண்டிப் போயிற்று.

"நான் ஓட்டினா இந்த வண்டியில நீ ஏறுவியா?" என்று கேட்டான்.

"ஏறுவேன்" என்றேன். யோசிக்கவே இல்லை.

"தெரியும்மா. நீ எல்லாத்தையும் தெரிஞ்சிகினு ஏறுவ" என்றான். "அவங்க தெரியாம ஏறுவாங்க."