பதினொரு விநாடி

“தொழில்?” என்று கேட்டேன்.

“வயர்லெஸ்.”

“அது பட்டாளத்துல. இப்போ?”

“இப்போ உன் எதிர்ல உட்கார்ந்திருக்கேன். அதுதான்.”

தற்போது வேலையில் இல்லை என்று படிவத்தில் எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனேன்.

“எதுக்காகண்ணா இந்த நாடகத்தைப் போடணும்?”

“ஒரு தப்பு பண்ணிட்டேன். அதைச் சொல்லணும்.”

“அப்படி எழுதினா உதவி கிடைக்காதுண்ணா.”

“எப்படி எழுதினா கிடைக்குமோ அப்படி எழுதும்மா. எனக்கு ஃபாரத்துல இருக்கற பாஷையில திட்ட மட்டும்தான் தெரியும்.”

‘மறைந்த தோழர்களின் நினைவைப் போற்ற’ என்று அந்த மொழியில் எழுதினேன். அவர் படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

போரில் காயப்பட்டுத் திரும்பியவர்கள் நாடகம் போடவும் படம் வரையவும் உதவுகிற அலுவலகம் எங்களுடையது. இரண்டே அறைகள், ஜன்னல் கண்ணாடிகளில் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிய டேப். போர் இன்னும் முடியவில்லை. ஊரில் இரண்டு மொழிகள். எங்களிடம் வருகிறவர்களில் பலர் ஒன்றைப் பேசுவார்கள். உதவியைத் தீர்மானிக்கும் குழு மற்றதைப் படிக்கும். நடுவில் நான்.

அவரை எல்லோரும் கம்பி என்றுதான் கூப்பிடுவார்கள். ஆளும் அப்படி, நான்கு வருடம் முதுகில் சுமந்த ஏரியலும் அப்படி. இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. பட்டாளத்துக்கு முன்பு லிப்ட் மெக்கானிக். அக்கா வீட்டில், மூன்றாவது மாடியில் இருந்தார். அந்தக் கட்டடத்து லிப்டில் என்ன கோளாறு என்று அவருக்குத் தெரியும். மாற்ற வேண்டிய பாகம்தான் எங்கும் கிடைக்கவில்லை. ஊன்றுகோலோடு தினமும் அதைத் தாண்டித்தான் படியேறுவார்.

நாடகம் வானொலிக்கானது. அவருடைய முகாமின் கடைசி ஒரு மணி நேரம். திரும்பி வந்த நான்கு பேர் குரல் கொடுத்தார்கள். சுவரெல்லாம் பழைய மெத்தை சாத்திய அறையில் பதிவு நடந்தது. பதிவு செய்தவர் பீரங்கிக்காரர். ஒரு காது கேட்காது.

“ஒத்தைக் காதன் பதிவு பண்றான், ஒத்தைக் காலன் நடிக்கிறான்” என்றார் கம்பி. “கேக்கிறவன் பாவம்டா.”

“நல்ல காதைத்தான் உன் பக்கம் வெச்சிருக்கேன். வாயை மூடிட்டு வசனத்தைப் பேசு.”

முடிவுக்குக் கொஞ்சம் முன்னால், முன்வரிசையிலிருந்து ஒரு வீரர் வயர்லெஸ்ஸில் கூப்பிடும் இடத்தில், பதினொரு விநாடி எந்தச் சத்தமும் இல்லை. குழுவிலிருந்து கடிதம் வந்தது. நான் அவருக்கு வாசித்துச் சொன்னேன். அவ்வளவு நேரம் சத்தமில்லாமல் இருந்தால் கேட்பவர்கள் நிலையத்தை மாற்றிவிடுவார்கள், அங்கே அந்த வீரர் தன் மனைவிக்குச் சொல்லும் கடைசி வார்த்தைகளைச் சேர்க்கவும், சேர்த்தால் ஒலிபரப்பலாம். கடைசி வரியில், நினைவைப் போற்றும் பணிக்கு நன்றி.

“நான் தப்புன்னு சொன்னது அங்க போய் போற்றுதலா இறங்கிடுச்சா?” என்று சிரித்தார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

அதற்குப் பிறகுதான் சொன்னார். அந்த வயர்லெஸ் செட்டில் பட்டனை அழுத்தினால் பேசலாம், கேட்க முடியாது. கேட்க வேண்டுமானால் விரலை எடுக்க வேண்டும். முன்வரிசைக் குழியில் இருந்தவனுக்கு மீசை என்று பட்டப்பெயர். முளைக்கவே முளைக்காது என்பதால். அன்றைக்கு லைனைக் காலியாக வைக்கச் சொல்லி உத்தரவு. மீசை கூப்பிட்டான்.

“‘லைனை விடு, மீசை, லைனை விடு’ன்னு கத்தறேன். கட்டை விரல் பட்டன்லயே இருக்கு. எடுத்தப்போ வெறும் இரைச்சல். பக்கத்து முகாம்ல எல்லாத்தையும் பதிவு பண்ணுவாங்க. அதுல பதினொரு விநாடி கீச்சுன்னு ஒரு சத்தம். ரெண்டு பேர் ஒரே நேரத்துல பேசினா அப்படித்தான் விழும். என்ன சொன்னான்னு யாருக்கும் தெரியாதும்மா.”

மீசையின் மனைவியிடம், அடக்கம் செய்த இடத்தில், “உங்க பேரைச் சொன்னார்” என்று சொல்லிவிட்டார். அவளுக்கு எங்கள் மொழி தெரியாது. கூட வந்த சிப்பாய் மொழிபெயர்த்துச் சொன்னான். அதன் பிறகு கம்பியை எங்கே பார்த்தாலும், பக்கத்தில் யாரையாவது நிறுத்தி, அதை மறுபடி சொல்லச் சொல்வாள். ராணுவச் சீருடைத் துணி வெட்டும் ஆலையில் அவளுக்கு வேலை.

எங்கள் மேலாளர் அம்மாவுக்குக் குழு சொன்னது சரியென்று பட்டது. “ஒரு வரிதானேப்பா? பேரை ஏற்கெனவே சொல்லியாச்சு. நாடகத்துலயும் சொல்லிட்டுப் போயேன். அந்தப் பொண்ணுக்கும் ஆறுதல்.”

“நாடகத்துலயும் சொன்னா அப்புறம் அதுதான் நெசம்னு ஆயிடும்மா. ஒலிபரப்பாட்டி போகட்டும். அவ கேட்டாப் போதும்.”

அந்த வாரம்தான் கம்பியைப் பட்டாளத்துக்குத் திரும்ப அழைத்து உத்தரவு வந்தது. செட்டின் முன்னால் உட்காரக் கால் தேவையில்லையாம். திங்கட்கிழமை வண்டி. அவளைச் சனிக்கிழமை வரச் சொன்னோம்.

ஆலையிலிருந்து நேராக வந்தாள். புடவைத் தலைப்பில் பச்சை நூல் ஒட்டியிருந்தது. எனக்கு ஒரு வணக்கம் சொல்லிவிட்டு, அவரைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, என் கணவர் கடைசியாகச் சொன்னதை இன்னொரு முறை சொல்லச் சொல்லுங்கள் என்றாள். நான் அதை மொழிபெயர்க்கவில்லை. அவருக்குத் தேவைப்படவும் இல்லை.

பதிவுக்காரர் டேப்பை ஓடவிடக் கையை நீட்டினார். கம்பி அவர் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, தரையைப் பார்த்தபடி என்னிடம் பேசினார்.

“தங்கச்சி, நான் சொல்றதை அப்படியே சொல்லு. அவன் பேசினான். நான் பட்டன்லேருந்து விரலை எடுக்கல. அதனால கேட்கல. உங்க பேரைச் சொன்னான்னு சொன்னது பொய். இவ்வளவுதான். அன்னைக்கு ஃபாரத்துல பண்ண மாதிரி அழகாக்கிடாதேம்மா.”